நூற்றெண்பது நாள்

எங்கள் ஊரில் யாருக்காவது புத்தி கெட்டுப்போனால் முதலில் தெரியவருவது எனக்குத்தான். எந்தக் கிறுக்குத்தனத்துக்கும் ஒரு படிவம் உண்டு, படிவத்துக்கு ஒரு முத்திரை வேண்டும், பென்சில்வேனியாவில் இந்த ஸ்பைக்கர்ஸ் கிராசிங்கில் முத்திரை வைத்திருக்கும் நோட்டரி நான் ஒருத்திதான். கார் நம்பர் பிளேட், வேட்டை லைசென்ஸ், மீன் லைசென்ஸ், சொத்து மாற்றுவது, புருஷனை மாற்றுவது எல்லாமே என் வீட்டு முன்னறைக் கடையில் நடக்கும். இருபத்தாறு வருஷமாக ஜனங்களை வலது கையைத் தூக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரியும். எனக்கென்ன வந்தது? கையெழுத்துப் போடுகிறவன் அவன்தானா என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை.

என் ஜன்னலுக்கு நேர் எதிரில் பள்ளிக்கூட பஸ் நிற்கும் இடம். பக்கத்து வீட்டு ஸ்டாஃபர் குடும்பத்துப் பெண் ஷெல்பி மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் முழுக்க, பஸ் வரும்போதெல்லாம் அந்த இடத்தில் வாந்தி எடுப்பாள். குனிந்து, முட்டியில் கையூன்றி, சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிப்போவாள். நான் வாளித் தண்ணீர் கொண்டுபோய்க் கழுவிவிடுவேன். பிப்ரவரியில் அது உறைந்துபோய்விடும், மண்வெட்டியால் சுரண்ட வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை, அதுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் இருந்த மேதாவிகள் கண்டுபிடித்த வைத்தியம், நூலக அறையின் மூலையில் ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் அவளையும் இன்னும் மூன்று பிள்ளைகளையும் உட்கார்த்தி வைத்தது. திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வருஷ முடிவில் ஒரு கடிதம் வேறு வந்தது. மறுபடியும் மூன்றாம் வகுப்பு, மறுபடியும் திரை.

ஜூலைக் கடைசியில் அவள் அம்மா கொரின் என் கடைக்கு வந்தாள். கூடவே அவளுடைய அக்கா ஜோலீன். பின்னால் ஷெல்பி, வந்ததும் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து உப்புப் பிரெட்செல் பிஸ்கட் டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அர்லீன், ஒரு பிரமாணப் பத்திரத்துக்கு முத்திரை வேணும்" என்றாள் கொரின்.

"எதுக்கு?"

"ஷெல்பிய இனிமே வீட்லயே நான் படிக்க வைக்கப்போறேன். முட்டைக் கம்பெனிக்கு நாளைலேர்ந்து போகல."

"நீயா படிக்க வைக்கப்போற?"

"ஏன், என் தங்கச்சிக்கு என்ன குறைச்சல்?" என்று ஜோலீன் குறுக்கே வந்தாள். "நான் ஆறு பிள்ளைங்கள வீட்லயே வளக்கல? நாலு சுவத்துக்குள்ள அடைச்சு வச்சாத்தான் படிப்பா?"

ஜோலீன் கணுக்கால் வரை ஜீன்ஸ் பாவாடை கட்டி, கோதுமையைத் தானே அரைத்து ரொட்டி சுடுகிறவள். அந்த ரொட்டியைத் தின்றால் மூன்று நாளைக்கு வேறு யோசனை வராது. அவளுடைய மூத்தவன் பதினேழு வயதில் என் கடையில் லைசென்ஸ் படிவம் நிரப்பும்போது 'பிறந்த மாவட்டம்' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினவன். அதை இப்போது சொல்லவேண்டாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இது சும்மா இல்ல அர்லீன்" என்று கொரின் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வழியிலதான் கத்துக்குமாம். சிலதுக்குக் கண்ணு வழி, சிலதுக்குக் காது வழி, சிலதுக்குக் கை வழி. ஸ்கூல்ல எல்லாருக்கும் ஒரே கஞ்சி. அதான் இவளுக்கு ஏறல. சர்ச் ஹால்ல வீட்டுப் படிப்புக்காரங்க சந்தை போட்டிருந்தாங்க, அங்க இந்த முப்பது கேள்வி குடுத்தாங்க. ஷெல்பி காது வழி. முப்பதுக்கு இருபத்துநாலு! அதுக்குன்னு பாடப் பெட்டியும் அங்கயே வாங்கிட்டேன்."

"காது வழிப் பெட்டி எந்த மேஜைல வித்தாங்க?"

"அது... அக்கா மேஜைலதான்."

"அப்படியா" என்றேன்.

ஜோலீன் முகம் சுருங்கியது. நான் தாளை வாங்கிப் படித்தேன். 'உங்கள் குழந்தை புது இடத்தில் வழி தவறினால் என்ன செய்யும்? பலகையைப் பார்க்கும். யாரையாவது கேட்கும். நடந்துகொண்டே இருக்கும்.' இப்படி முப்பது. யாரையாவது கேட்கும் என்பதற்கு நேரே கொரின் அழுத்தமாக டிக் போட்டிருந்தாள்.

"ஏன் ஷெல்பி, வழி தவறினா நீ யாரையாவது கேப்பியா?"

"நான் வழி தவற மாட்டேன்" என்றாள் பெஞ்சிலிருந்து.

"அப்படி ஒரு பதில் அதுல இல்லடா தங்கம்" என்றாள் கொரின்.

"அப்ப கேள்வி தப்பு."

வழியில் போகிற நாயைக்கூட நிறுத்திப் பேச்சுக் கொடுப்பவள் கொரின். அந்த முப்பது பதிலும் அவளைப் பற்றியது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. மகளைப் பற்றி எழுத உட்கார்ந்து தன்னைப் பற்றி எழுதிவிட்டு வந்திருக்கிறாள், அதுகூடத் தெரியாத மடச்சி. ஆனாலும் வலது கையைத் தூக்கச் சொன்னேன். தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவர்கள் கேட்பது இவ்வளவுதான்: வருஷத்துக்கு நூற்றெண்பது நாள் பாடம் நடத்த வேண்டும், நாள்வாரியாக ஒரு பதிவு நோட்டு வைக்க வேண்டும், ஜூன் மாதம் ஒரு டீச்சர் வந்து பிள்ளையையும் நோட்டையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை என்றால் செப்டம்பரில் பிள்ளை பஸ்ஸில் ஏற வேண்டும். கொரின் கண்ணில் நீர் கட்டச் சத்தியம் செய்தாள். முத்திரை குத்தினேன்.

செப்டம்பரில் காது வழி தொடங்கியது. ஜோலீன் பெட்டியிலிருந்து நாற்பது கேசட்டுகள். காலையில் அவர்கள் வீட்டு ஜன்னல் வழியாக ஒரு ஆள் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடுவது சாலைவரை கேட்கும். அந்தக் குரலைக் கேட்டு என் பூனை வீட்டை விட்டுப் போய் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. கொரின் கேசட்டைப் போட்டுவிட்டுக் கூடவே பாடுவாள். ஷெல்பி காதில் துணியை அடைத்துக்கொண்டு கோழிக்கூண்டுப் பக்கம் போய்விடுவாள். அக்டோபரில் ஒருநாள் நோட்டு எழுதுவதை கொரின் நிறுத்தினாள். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ஷெல்பியின் அப்பா வெய்ன் பால் லாரி ஓட்டுகிறவன். பண்ணை பண்ணையாகப் போய், தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்த்து, குழாய் மாட்டிப் பாலை உறிஞ்சி, ஆலைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது. கெட்டவன் இல்லை. தான் தூக்கும் எதற்கும் இன்னொரு கை ஒத்தாசைக்கு வரவேண்டும் என்று நினைக்கிற ஆள். அவன் மான் லைசென்ஸ் வாங்க வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அர்லீன், அந்த முப்பது கேள்விய நானும் லாரில உக்காந்து எழுதிப் பாத்தேன். கை வழின்னு வந்துது."

"வராம? குழாய் கழுவ ஆள் இல்லேன்னு ரெண்டு வருஷமா நீ புலம்பறியே."

"நான் நெஜமாவே எழுதினேன்."

"அவளும் நெஜமாத்தான் எழுதினா."

அதற்குப் பிறகு கை வழி. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் வந்தன, விரலால் தடவித் தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஒரு தட்டு நிறையச் சோளமாவு, அதில் எழுதிப் பழக வேண்டுமாம். உப்புத்தாளால் ஷெல்பி தன் சைக்கிளில் துரு தேய்த்தாள், சோளமாவு கோழிக்குப் போயிற்று. வெய்ன் அவளை லாரியில் கூட்டிப்போய்க் குழாய் கழுவவைத்து, அதற்குப் பின்னம் கற்பிப்பது என்று பெயர் வைத்தான். குழாய் நன்றாகக் கழுவப்பட்டது.

நவம்பர் கடைசியில் நன்றி சொல்லும் பண்டிகை முடிந்து வரும் திங்கட்கிழமை மான் வேட்டையின் முதல் நாள். அன்று எங்கள் பள்ளத்தாக்கில் எதுவும் நடக்காது. பள்ளிக்கூடம் மூடிவிடும், ஆலையில் பாதி ஆள் இருக்காது, செத்தவனைப் புதைக்கக்கூட மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். வெய்ன் காலை ஏழு மணிக்கே ஒரு கொம்பு மானைச் சுட்டுவிட்டான். எனக்கு ஈரல் தருவதாகச் சொல்லியிருந்ததால் பத்து மணிக்கு அவர்கள் காரேஜுக்குப் போனேன். மான் உத்தரத்தில் தொங்கியது. கொரின் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை ரத்தத்தோடு, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஷெல்பி ஒரு சின்னக் கத்தியால் தசை பிரியும் கோட்டோடு வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நார் வீணாகவில்லை.

வெய்ன் வந்தவர்களுக்கெல்லாம் காப்பியைக் கொடுத்துப் பெருமையடித்துக்கொண்டிருந்தான். "எட்டுக் கிளைக் கொம்பு! எட்டு!"

"ஏழு" என்றாள் ஷெல்பி, தலை நிமிராமல்.

"ஏய், எண்ணிப் பாரு."

"எண்ணிட்டேன். ஒண்ணு ஒடஞ்சிருக்கு. ஒரு இஞ்சுக்குக் கொறஞ்சா கிளைன்னு எண்ணக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"அது சட்டத்துக்கு. இது பேச்சுக்கு."

"பேச்சுக்குன்னா ஒம்பதுன்னு சொல்லேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெய்ன் முகம் சிவந்தது. அன்று நாள் முழுக்க யாரிடமும் எண்ணிக்கையே சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பொய் என்றால் மற்றவர்களுக்குக் கெட்டுப்போன முட்டை வாடை போல. மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்த இடத்திலேயே சொல்லிவிடுவாள். இப்படி ஒரு பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம்தான் விரும்பும்?

புது வருஷத்துக்குப் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் தின்று முடித்த கையோடு கண் வழி ஆரம்பமானது. இது கொரின் தானே கண்டுபிடித்தது. வீடு முழுக்க வண்ண அட்டைகள். கதவில் 'கதவு', நாற்காலியில் 'நாற்காலி', அடுப்பில் 'அடுப்பு, சுடும்'. நாய்க் கழுத்தில்கூட ஒரு அட்டை தொங்கியது, நாய் அதைத் தின்றுவிட்டது. நான் ஒருநாள் பீட்ரூட் காடியில் ஊறிய முட்டை ஒரு ஜாடி கொண்டுபோயிருந்தேன்.

"கதவு கதவுன்னு எனக்குத் தெரியாதா?" என்று ஷெல்பி கத்திக்கொண்டிருந்தாள். "அதுல எதுக்கு எழுதி ஒட்டறீங்க?"

"பாத்துப் பாத்து மனசுல பதியும்டா."

"எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சத எதுக்குப் பதிய வைக்கணும்?"

கொரின் அட்டைகளை அப்படியே கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அர்லீன், இவளுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல, கையும் இல்ல. நான் என்னதான் பண்றது?"

"வாய் இருக்கே" என்றேன். எனக்கு இரக்கம் வரவில்லை. ஊரெல்லாம் பஸ்ஸில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும்போது, சந்தையில் பெட்டி வாங்கிவந்து டீச்சர் ஆகிவிடலாம் என்று நினைத்தவளுக்கு இது நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

பிப்ரவரியில் அவள் முட்டைக் கம்பெனிக்கே திரும்பிப் போனாள். இருட்டறையில் விளக்குமேல் ஓடும் முட்டைகளைப் பார்த்து, ரத்தப்புள்ளி உள்ளதைப் பொறுக்கும் வேலை. "காலைல ரெண்டு மணி நேரம்தான் அர்லீன், அதுவரைக்கும் இவ உங்க பெஞ்சுல இருக்கட்டும்" என்றாள். இரண்டு மணி நேரம் ஐந்தாயிற்று. யாரும் ஒரு எழுத்துக்கூடச் சொல்லித்தரவில்லை, நானும்தான். நான் எதற்குச் சொல்லித்தர வேண்டும்? பிரெட்செல் டப்பாவை நிரப்பி வைத்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரலில் மீன் லைசென்ஸ் கூட்டம். படிவத்தில் உயரம் எழுத வேண்டும். எங்கள் ஊர் ஆண்கள் ஒவ்வொருவனும் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்வான், நானும் எழுதிக்கொள்வேன். ஷெல்பி என் கதவு நிலையில் பென்சிலால் ஆறு அடிக்கு ஒரு கோடு கிழித்து வைத்தாள்.

"ஆறடி" என்றான் தீவனக் கடைக்காரன்.

"இல்ல" என்றது பெஞ்சு.

"யார் அந்தப் பிசாசு?"

"உள்ள வரும்போது உங்க தலை கோட்டுக்கு இவ்வளவு கீழ இருந்துது. தொப்பியோட."

அவன் என்னை முறைத்தான். நான் ஐந்து அடி பத்து என்று எழுதினேன். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் கொரினுக்கு ஜூன் மாதம் நினைவுக்கு வந்துவிட்டது. சமையல் மேஜையில் உட்கார்ந்து மூன்று நாளில், அக்டோபரிலிருந்து விட்டுப்போன மாதங்களுக்கெல்லாம் பதிவு நோட்டை எழுதி முடித்தாள். தினம் தினம் எழுதியது மாதிரித் தெரிய வேண்டும் என்று நீலம், கறுப்பு, பென்சில் என்று மாற்றி மாற்றி எழுதினாளாம். அதை என்னிடமே வந்து சொன்னாள், சத்தியம் வாங்கினவளிடமே!

"தப்பில்லையே அர்லீன்? எப்படியும் அவ ஏதோ ஒண்ணு கத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பா?"

"நான் கேக்கவே இல்ல. நீ சொல்லவும் இல்ல" என்றேன்.

அதற்கப்புறம் ஷெல்பி தினமும் உள்ளங்கையில் ஒரு வார்த்தையைப் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தாள். வந்ததும் கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

"இது என்ன?"

"பெருக்கல்."

"இது?" மறுநாள்.

"வரலாறு."

ஒருநாள் ஒரு நீளமான வார்த்தை, மணிக்கட்டுவரை போயிருந்தது. "மகிழ்ச்சியுடன்" என்றேன். அவள் அந்தக் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எச்சில் தொட்டு அழித்துவிட்டாள். எங்கிருந்து எழுதிக்கொண்டு வருகிறாள் என்று நான் கேட்கவில்லை. பெண்ணுக்குக் கடைசியில் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி க்ளாப்பர் டீச்சர் வருவதாக இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், நாற்பது குடும்பங்களுக்கு இவள்தான் கையெழுத்து. வெளியில் முதல் புல் அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், காற்றெல்லாம் புல்வாசம். "முத்திரை வச்சிருக்கறவங்க பக்கத்துல இருந்தா ஒரு மரியாதை" என்று கொரின் என்னையும் உட்கார்த்தி வைத்தாள். ருபார்ப் பை என்ற புளிப்பும் இனிப்புமான பலகாரம் ஒன்று சுட்டு நடுவில் வைத்திருந்தாள். எதிரில் ஷெல்பி, வாரிய தலையோடு, முகத்தில் ரத்தமே இல்லாமல். பஸ் வருவதற்கு முன்னால் அவள் நிற்கிற மாதிரியே இருந்தாள்.

டீச்சர் கொரின் அடுக்கி வைத்திருந்த படங்களைப் புரட்டினாள், நோட்டை மேலோட்டமாகப் பார்த்தாள். பிறகு ஒரு கதைப் புத்தகத்தை ஷெல்பி முன்னால் நகர்த்தினாள். "ரெண்டு வரி படிம்மா."

ஷெல்பி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"பரவால்ல, மெதுவா."

"நாய் வண்டி ஓட்டுது" என்றாள் படத்தைப் பார்த்து. "நாய் வண்டி ஓட்டாது."

"கதைதானே?"

"எனக்கு வேணாம்."

கொரின் அவசரமாகக் குறுக்கிட்டாள். "இவ காது வழி டீச்சர். இல்ல, கை வழியும் உண்டு. கண்ணும்கூட..."

"எல்லா வீட்லயும் இதச் சொல்றாங்க" என்றாள் டீச்சர் அலுப்போடு. "நீயே சொல்லு ஷெல்பி, நீ எந்த வழில கத்துக்குவ?"

ஷெல்பி யோசித்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் உட்பட.

"கோவம் வந்தா படிப்பேன்" என்றாள்.

டீச்சர் சிரித்துவிட்டாள். "அப்ப உனக்குக் கோவம் வர்றத எடுத்துப் படி பாப்போம்."

ஷெல்பி கையை நீட்டிப் பதிவு நோட்டை எடுத்தாள். "ஷெல்பி, ருபார்ப் பை சாப்பிடேன்" என்றேன். அவள் திரும்பவில்லை. பக்கம் எங்கே என்று தேடக்கூட இல்லை, நேராகத் திறந்தாள்.

"நவம்பர் இருபத்தொன்பது, திங்கட்கிழமை. ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை. எழுத்துக்கூட்டல், பெருக்கல், பென்சில்வேனியா வரலாறு. ஷெல்பி மகிழ்ச்சியுடன் கற்றாள்."

ஒரு இடத்தில் தடுக்கவில்லை. கல்மேல் தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தாள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள். "நவம்பர் இருபத்தொன்பதா? மான் முதல் நாளா?"

"ஆமா. நான் அன்னிக்குக் கறி வெட்டினேன். பெருக்கல் யாரும் சொல்லித்தரல." அடுத்த பக்கம். "பிப்ரவரி எட்டு. தீ விபத்து பற்றிய பாடம், இரண்டு மணி நேரம். இதுவும் பொய். மார்ச் மூணு. அயல் வீட்டு அர்லீனிடம் குடிமைப் பாடம், ஆட்சிமுறை பற்றிக் கேள்வி பதில். பொய். நான் பிரெட்செல் தின்னேன்."

உலகத்தில் யாரும் செய்யாத தப்பை கொரின் செய்திருந்தாள். எங்கள் ஊரில் மான் முதல் நாளில் பெருக்கல் நடந்தது என்று எழுதினால் பாதிரியார்கூட நம்பமாட்டார். நான் அவளைப் பார்த்தேன், அவமானத்தில் செத்துக்கொண்டிருப்பாள் என்று. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"படிக்கிறா! அர்லீன், கேட்டீங்களா? என் பொண்ணு படிக்கிறா!"

"அம்மா, நான் என்ன படிக்கிறேன்னு கேளு!" என்று ஷெல்பி மேஜையைக் குத்தினாள்.

"படிடா தங்கம், இன்னும் படி!"

எனக்கு அந்த நொடியில் அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

டீச்சர் நோட்டை மூடினாள். "பிள்ள நல்லாப் படிக்கிறா. அதுல சந்தேகமில்ல. ஆனா என்கிட்ட கேக்கறது அது மட்டும் இல்லம்மா. நாள் கணக்கும்தான். இந்த நோட்டுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? வீட்டுக்கு வெளிய யாராவது பாத்தவங்க இருந்தாச் சொல்லுங்க. இல்லேன்னா செப்டம்பர்ல ஸ்கூலுக்கு அனுப்பறதுதான் நியாயம்."

ஷெல்பியின் கை மேஜையிலிருந்து நழுவி வயிற்றுக்குப் போனது. திரைச்சீலை அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்படித்தான் முடியும் என்று தெரிந்தே வாசித்திருக்கிறாள், அந்தக் குட்டிப்பிசாசு.

"நான் பாத்தேன்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"பிப்ரவரிலேர்ந்து தினமும் என் கடைலதான் இருந்தா. நான்தான் சொல்லிக்குடுத்தேன். வாசிப்பு, வரலாறு, ஆட்சிமுறை எல்லாம். தினம் ரெண்டு மணி நேரம், சில நாள் மூணு. மான் நாள் தேதி அவங்கம்மா மாத்தி எழுதியிருப்பா. மத்ததெல்லாம் நெஜம்."

"இல்ல" என்றாள் ஷெல்பி.

"பிள்ளைக்கு விளையாட்டு மாதிரி இருந்ததால பாடம்னு தெரியல."

"இல்ல! நீங்க எனக்குப் பதினஞ்சு வார்த்தை சொன்னீங்க. பதினஞ்சுதான். நான் எண்ணினேன்."

டீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளும் முட்டாள் இல்லை. வெளியே டிராக்டர் சத்தம், அவள் வீட்டிலும் புல் காய்ந்துகொண்டிருந்திருக்கும், இன்னும் முப்பது குடும்பம் பாக்கி. "நோட்டரி சொன்னா நான் மறுக்க முடியுமா?" என்றாள். "பிள்ள களைச்சுப்போயிருக்கா." பேனாவைத் திறந்தாள்.

இருபத்தாறு வருஷம் பிறத்தியார் பொய்க்கெல்லாம் முத்திரை குத்தி, மனசுக்குள் காறித்துப்பிக்கொண்டிருந்தவள் நான். அந்த மேஜையில் ஷெல்பி என்னைப் பார்த்த பார்வையில் அதே எச்சில் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தை இனிமேல் கழுவ வேண்டியதில்லை, அது போதும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். போதவில்லை.

அதற்குப் பிறகு அவள் கடைக்கு வரவில்லை. ஜூலைக் கடைசியில் கொரின் மட்டும் அடுத்த வருஷத்துப் பத்திரத்தோடு வந்தாள். ஷெல்பி வெளியே காரில், ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலில்!

"உள்ள வரச் சொல்லேன்."

"கூப்ட்டேன், வரமாட்டேங்கறா. அத விடுங்க, இதப் பாருங்க." கொரின் ஒரு புது நோட்டை மேஜைமேல் வைத்தாள். "இனிமே பதிவு நோட்ட அவதான் எழுதுவாளாம். என்னைத் தொடவே விடல. அவ மொத மொதல்ல சொந்தமா எழுதினது, ஊர்ல எல்லாருக்கும் காட்டிட்டுத்தான் வரேன். கோடு போட்ட மாதிரி எவ்வளவு நேரா எழுதியிருக்கா பாருங்க!"

முதல் பக்கத்தில் இரண்டே வரி, பெரிய எழுத்தில், பென்சிலை அழுத்தி எழுதியிருந்தாள்.

'ஜூன் 12. மிஸ் அர்லீன் டீச்சரிடம் பொய் சொன்னார். எனக்காகச் சொன்னார், நான் கேட்கவில்லை.'

கொரின் என் முகத்தையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படி?" என்றாள்.

"நல்லா எழுதியிருக்கா" என்றேன். பிறகு வலது கையைத் தூக்கச் சொன்னேன்.